பெயர் வெட்டாத பாத்திரம்

சென்ற ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போயிருந்தேன். பெரியம்மா மகள் அக்கா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பொதிகை எக்ஸ்பிரஸில் போய் விடியற்காலையில் இறங்கினால், ஸ்டேஷனிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் இரண்டு சமாசாரங்கள் காதிலும் மூக்கிலும் வந்து விழும். ஒன்று, விசைத்தறிகளின் ‘டக்-டக்’ ஓசை. மற்றொன்று, பூ மார்க்கெட்டுக்குப் போகும் மல்லிகை மூட்டைகளின் மணம். தூங்கி வழிகிறவனைக்கூட இவை இரண்டும் எழுப்பி உட்கார வைத்துவிடும்.

அக்கா வாசலிலேயே நின்றாள்.

“வாய்யா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உள்ள வா. அத்தான்கிட்ட ரொம்பப் பேச்சுக் கொடுக்காத. ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல. கம்ப்யூட்டர் படுத்துட்டு!”

‘வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது’ என்று பதறிய எனக்கு உயிர் வந்தது. “அவ்வளவுதானே? பேக்கப் எடுத்து வைத்திருப்பார்களே?” என்றேன்.

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அது இருக்கே! ஒண்ணா ரெண்டா? பதினொண்ணு இருக்கு. அதாம்யா வினையே” என்றாள்.

அவள் சொன்னதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை. காப்பி குடித்து முடித்த பிறகு விளங்கியது.

சமையலறை சாஸ்திரம்

காப்பி குடித்த இடம் சமையலறை. அங்கே உட்கார்ந்தபடி பரணையும் அலமாரியையும் பார்த்தேன். வரிசை வரிசையாக எவர்சில்வர். குடம், தூக்குச்சட்டி, சம்படம், தாம்பாளம் என்று எதை எடுத்தாலும் விளிம்பிலே பெயர் வெட்டியிருந்தது. மாமனாரின் தலையெழுத்து, கொடுத்தவர் பெயர், என்ன விசேஷம், எந்தத் தேதி, எல்லாம்! அக்காவின் கல்யாணச் சீர் ஒரு வரிசை. வளைகாப்புக்கு வந்தவை ஒரு வரிசை. புது வீடு பால் காய்ச்சியபோது வந்தவை இன்னொரு வரிசை. பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு இரவல் போன கரண்டிகூட முப்பது வருஷமாகத் தவறாமல் வீடு திரும்பியிருக்கிறது. அதன் முதுகில் முகவரி இருக்கிறதே!

நம் தாய்மார்கள் படித்த சாஸ்திரம் இது. ஒரே மாதிரி இருக்கும் பொருள்கள் பல சேர்ந்துவிட்டால் ஒவ்வொன்றின் மேலும் அடையாளம் வேண்டும். சலவைக்குப் போகும் துணியில் குறி இருக்கும். ஊறுகாய் ஜாடியில் போட்ட மாதம் எழுதிய சீட்டு இருக்கும். உப்புச் சம்படத்துக்கும் சர்க்கரைச் சம்படத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் காப்பி கலந்தவர்கள் மறுநாளே சீட்டு ஒட்டிவிடுவார்கள்.

காப்பியை முடித்துக்கொண்டு முன் கட்டுக்கு வந்தேன். அத்தான் மேஜையின்முன் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் மூன்று ஹார்ட் டிஸ்க், ஆறு பென் டிரைவ், இரண்டு ஸி.டி. ஆக, பதினொன்று. எல்லாம் கறுப்பும் வெள்ளியுமாக ஒரே ஜாடை. ஒன்றிலாவது ஓர் எழுத்து வேண்டுமே? கிடையாது!

பித்தளைக் கரண்டிக்குக்கூடப் பெயர் வெட்டிய வீட்டில், இருபது வருஷத்து வாழ்க்கையைச் சுமந்த பெட்டிகளுக்குப் பெயர் இல்லை.

நடந்தது என்ன?

அத்தானுக்குச் சேலைத் தறிகள். பாவு எப்போது வந்தது, ஊடை எவ்வளவு போனது, எந்தத் தறியில் எத்தனை சேலை இறங்கியது, யாருக்கு எவ்வளவு கூலி, யார் முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று சகலமும் கம்ப்யூட்டரில்தான். மகன் திருநெல்வேலியில் இன்ஜினீயரிங் படிக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் பையன் பொறுப்பாக ஒரு மறுபிரதி எடுத்து வைத்துவிட்டுப் போவான். மூலம் கெட்டுப் போனால் மீட்டுக்கொள்வதற்காக எடுத்து வைக்கும் இந்த மறுபிரதியைத்தான் ‘பேக்கப்’ என்கிறார்கள். நாம் ‘காப்புப் பிரதி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரின் டிஸ்க் திடீரென்று ஒரு நாள் செத்துப் போயிற்று. ரிப்பேர்க்காரர் வந்து புதிதாக ஒன்றை மாட்டினார். “அண்ணாச்சி, கடைசியா எடுத்த பேக்கப் எது?” என்று கேட்டார். அத்தான் மகனுக்குப் போன் போட்டார்.

“ஏல, எதுல இருக்கு?”

“புதுசுல இருக்கும்ப்பா.”

“எல்லாமே புதுசாத்தான்ல இருக்கு!”

“உள்ள தொறந்து பாருங்க. ‘பேக்கப் நியூ’ன்னு போட்டிருக்கும்.”

திறந்து பார்த்தார்கள். ஒன்றில் ‘பேக்கப்’, ஒன்றில் ‘பேக்கப் நியூ’, ஒன்றில் ‘பேக்கப் நியூ 2’, ஒன்றில் ‘லாஸ்ட்’, ஒன்றில் ‘பைனல்’, இன்னொன்றில் ‘ரியல் பைனல்’! அத்தான் நியாயமாக என்ன நினைப்பார்? ‘ரியல் பைனல்’தான் கடைசி என்று நினைத்தார். அதையே எடுத்துப் போட்டார்கள். கணக்கும் வந்தது. ரிப்பேர்க்காரரும் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அது தை மாதத்தில் எடுத்த பிரதி. ஆனியில் எடுத்தது ‘பேக்கப் நியூ 2’ என்ற பெயரில் வேறொரு டிஸ்க்கில் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அத்தான் இதைக் கவனிக்கவில்லை. அன்றைய தினமே, ‘இனிமேல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்’ என்று உடனே ஒரு காப்புப் பிரதியும் எடுத்தார். எதில்? கைக்கு முதலில் அகப்பட்ட டிஸ்க்கில். அதுதான் ஆனி மாதத்து டிஸ்க்! உள்ளே இருந்த கணக்குக்கும் இப்போது போட்ட கணக்குக்கும் ஒரே பெயர். ‘இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, மாற்றி எழுதட்டுமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. ‘ஆகட்டும்’ என்று தட்டிவிட்டார். தை வந்து ஆனியை விழுங்கிற்று. ஐந்து மாதக் கணக்கு மாயமாகிவிட்டது!

பாருங்கள், காப்பு எடுக்கவில்லை என்று இவர்களைக் குறை சொல்ல முடியுமா? பதினொரு தடவை எடுத்திருக்கிறார்கள். கெட்டுப்போன டிஸ்க் அழித்ததைக் காட்டிலும், பெயரில்லாத டிஸ்க் அழித்ததே அதிகம்.

இதோடு போகவில்லை. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: “கணக்கு போனாப் போகுதுய்யா, உழைச்சுச் சம்பாதிச்சுக்கலாம். அத்தை பேசினதும் அதுலதான் எங்கயோ கிடக்கு. அதை இன்னும் காணல.”

அத்தானின் தாயார் காலமாகி இரண்டு வருஷமாகிறது. ஆச்சி கைத்தறிக் காலத்துக் கதைகளைச் சொல்வதைப் பேரன் ஒரு நாள் போனில் பதிவு செய்து வைத்தான். அந்தக் குரலுக்கு ஒரே ஒரு பிரதிதான். அந்தப் போனும் போய்விட்டது. பதினொன்றில் எதற்குள்ளோ ஆச்சி இருக்கிறார்!

‘பழங்கல்படி’

இந்த மாதிரி அவஸ்தை கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்தது என்று நினைத்தால் தவறு. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓர் அம்மையார் இதை யோசித்திருக்கிறார்.

கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழரின் தாயார் செம்பியன் மாதேவி. பத்தாம் நூற்றாண்டில் பழைய கோயில்கள் பலவற்றைக் கருங்கல்லில் புதுப்பித்துக் கட்டியவர். அவற்றில் ஒன்று கும்பகோணம் பக்கத்திலுள்ள திருக்கோடிக்காவல். கோயிலைப் பிரித்துக் கட்டுவது என்றால் லேசான காரியமா? பழைய கற்களில் சாசனங்கள் இருந்தன. எந்த நிலம் யார் கொடுத்தது, அணையா விளக்குக்கு என்ன ஏற்பாடு என்ற விவரமெல்லாம் அந்தக் கற்களில்தான். அந்தக் காலத்துப் பத்திரப் பதிவு ஆபீஸே கோயில் சுவர்தான்! கல் போனால் உரிமையும் போயிற்று.

ஆகவே பழைய சாசனங்களைப் புதிய சுவரில் மறுபடி வெட்டச் செய்தார்கள். அதோடு விட்டிருந்தால் நான் இங்கே எழுத வேண்டியதில்லை. ‘இது பழங்கல்படி’ என்று அடையாளமும் சேர்த்து வெட்டினார்கள். படி என்றால் பிரதி. அதாவது, ‘இது மூலம் அல்ல, பழைய கல்லில் இருந்ததன் பிரதி’ என்று பொருள்.

இந்தச் சின்னக் குறிப்பினால் என்ன லாபம்? நிரம்ப லாபம். அங்கே பல்லவர் காலத்துச் சாசனங்களும் இருக்கின்றன. ஆனால் எழுத்தோ பின்னால் வந்த சோழர் காலத்து எழுத்து. குறிப்பு மட்டும் இல்லாவிட்டால், ‘ராஜா ஒரு காலம், எழுத்து ஒரு காலம், இது என்ன மோசடி?’ என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள். ‘பழங்கல்படி’ என்ற ஒரு வார்த்தை அந்தச் சந்தேகத்தை ஆயிரம் வருஷம் தாண்டி வந்து தீர்த்து வைக்கிறது.

நம் ஏட்டுச் சுவடிகளிலும் இதே வழக்கம் உண்டு. பிரதி செய்து முடித்ததும், எந்த வருஷம், எந்த மாதம், எத்தனாம் தேதி, என்ன கிழமை, என்ன நட்சத்திரம், யார் ஏட்டைப் பார்த்து யார் எழுதியது என்று கடைசியில் எழுதிவிடுவார்கள். திருநெல்வேலிச் சீமை ஏடுகளில் கொல்லம் ஆண்டும் இருக்கும்.

ஆனால் ஒரு சங்கடம். ஏட்டுக் கட்டில் முதலில் உதிர்வது முதல் ஏடும் கடைசி ஏடும்தானே? நூலின் பெயர் முதல் ஏட்டில், தேதி கடைசி ஏட்டில். இரண்டும் போன பிறகு நடுவே கிடப்பது என்ன நூல் என்று யார் சொல்வது? டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைத் தேடி இந்தத் திருநெல்வேலிச் சீமைக்கே வந்து வீடு வீடாகப் பார்த்தவர். 1889-ல் அந்த நூலை அச்சிட்டார். முதலும் முடிவும் இல்லாத ஏடுகளை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டைத் தமிழுலகம் அறியும். அவ்வளவு புலமை நம் வீட்டு டிஸ்க்குக்கு வந்து வாய்க்குமா? வாய்க்காது. ஆகையால் அடையாளம் ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் போதாது. உள்ளேயும் வேண்டும், வெளியேயும் வேண்டும்.

பெரிய இடத்து விபத்துகள்

‘நமக்குத்தான் இந்த அசட்டுத்தனம்’ என்று அத்தான் நொந்துகொண்டார். அவரைத் தேற்றுவதற்காக நான் சொன்ன மூன்று கதைகளை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் கிட்லாப் என்று ஒரு கம்பெனி. கம்ப்யூட்டர்காரர்களின் வேலையைப் பத்திரமாக வைத்துக் கொடுப்பதே அதன் தொழில். 2017 ஜனவரி 31-ந் தேதி இரவு, ஓர் இன்ஜினீயர் இரண்டாவது இயந்திரத்தில் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாக நிரப்ப எண்ணினார். இயந்திரங்களின் பெயர் என்ன தெரியுமா? ‘டி.பி. 1’, ‘டி.பி. 2’! இரண்டாவது என்று நினைத்து முதலாவதில் கட்டளையைத் தட்டிவிட்டார். சில விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜி.பி. போய்விட்டது. காப்புக்கு ஐந்து விதமான ஏற்பாடு வைத்திருந்தார்கள். சமயத்தில் ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்த பிரதிதான் மானத்தைக் காப்பாற்றியது. பிற்பாடு அவர்கள் செய்துகொண்ட சீர்திருத்தங்களில் ஒன்று, எந்த இயந்திரத்தின்முன் உட்கார்ந்திருக்கிறோம் என்பது திரையில் பளிச்சென்று தெரியும்படி அடையாளம் வைத்தது. நம் பாஷையில், பெயர் வெட்டினார்கள்!

அடுத்தது குழந்தைகளுக்குத் தெரிந்த சினிமா. ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்த 1998-ல், யாரோ தவறாகக் கொடுத்த கட்டளையால் படத்தின் பெரும் பகுதி கம்ப்யூட்டரிலிருந்து அழிந்துபோயிற்று. காப்புப் பிரதியைத் தேடினால், அது ஒரு மாதமாகவே சரியாக வேலை செய்யவில்லை. அப்போது கேலின் ஸூஸ்மன் என்ற அம்மையார், பிரசவமாகிக் கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காகத் தம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவது போலக் காரில் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது, 1999-ல் வெளியாயிற்று. ஆனால் அந்தப் பிரதி சில வாரங்கள் பழையது. எது பழையது, எது புதியது, எது சரி என்று ஆயிரக் கணக்கான ஃபைல்களை மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி பார்க்க வேண்டியிருந்தது. பிரதி கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. எது எப்போதையது என்றும் தெரிய வேண்டும் என்பதற்கு இது அத்தாட்சி.

மூன்றாவது கதை சந்திரனில் ஆரம்பிக்கிறது. 1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் கால் வைத்த காட்சியைப் பூமியில் மூல நாடாக்களில் பதிவு செய்தார்கள். நாம் டெலிவிஷனில் பார்ப்பதைவிட அவை தெளிவானவை. பல வருஷம் தேடிய பிறகு, 2009-ல் நாஸா ஒரு முடிவுக்கு வந்தது. நாடாத் தட்டுப்பாடு வந்த காலத்தில், பழைய நாடாக்களோடு நாடாவாக அவையும் அழிக்கப்பட்டு, வேறு பதிவுக்கு உபயோகிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே அந்த முடிவு. டெலிவிஷன் நிலையங்களிடம் இருந்த பிரதிகளைக் கொண்டுதான் படத்தைச் சீர் செய்தார்கள்.

சந்திரனுக்குப் போய் வந்தவர்கள் கதையே இப்படி என்றால், சங்கரன்கோவில் அத்தான் வருந்துவானேன்?

எப்படி எழுதுவது?

கதை போதும், காரியத்துக்கு வருவோம். எந்த வீட்டிலும் செய்யக்கூடியவை இவை. கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. சமையலறை ஜாடிக்குச் சீட்டு ஒட்டத் தெரிந்தால் போதும்.

முதலாவது, ‘புதுசு’, ‘கடைசி’, ‘பைனல்’ என்று ஒருக்காலும் பெயர் வைக்காதீர்கள். இன்றைய புதுசு நாளைய பழசு. புது மருமகள் என்று எத்தனை வருஷம் சொல்ல முடியும்? தேதியை எழுதுங்கள். அதிலும் வருஷத்தை முதலில், பிறகு மாதம், பிறகு நாள் என்று எழுதுங்கள்: 2025-07-31. ஏன் என்றால், கம்ப்யூட்டர் பெயர்களை இடமிருந்து வலமாகப் பார்த்து வரிசைப்படுத்துகிறது. நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதினால், 05-08-2025 முன்னாலும் 12-01-2024 பின்னாலும் வந்து நிற்கும். 2025 முன்னே, 2024 பின்னே! வருஷம் முதலில் இருந்தால் எல்லாம் தானாகவே காலவரிசையில் நிற்கும். மாதமும் நாளும் ஒற்றை எண்ணானால் முன்னால் ஒரு சைபர் போட மறக்க வேண்டாம். தேதியை இப்படி எழுதுவதற்கு 1988 முதல் சர்வதேச விதியே இருக்கிறது.

இரண்டாவது, உள்ளே என்ன என்பது. ‘கணக்கு’ என்றால் போதாது. ‘தறிக் கணக்கு’, ‘வீட்டுப் போட்டோ 2019 முதல் 2022 வரை’, ‘ஆச்சி குரல்’ என்று எழுதுங்கள். எந்த கம்ப்யூட்டரிலிருந்து அல்லது யார் போனிலிருந்து எடுத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, முழுப் பிரதியா, மாறியது மட்டுமா என்பது. சில ஏற்பாடுகளில் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்து, அப்புறம் தினமும் மாறினதை மட்டும் எடுப்பார்கள். இது பேரேடும் நாள்வழியும் போல. மீட்கும்போது பேரேட்டை முதலில் வைத்து, நாள்வழியை ஒன்றன்பின் ஒன்றாக அதன்மேல் ஏற்ற வேண்டும். வரிசை தவறினாலோ, நடுவே ஒன்று காணாமற் போனாலோ, கணக்கு உதைக்கும். ஆகையால் ‘முழுது’, ‘மாற்றம் 1’, ‘மாற்றம் 2’ என்று எண் போடுவது அவசியம்.

நான்காவது, வெளியே ஒரு சீட்டு. ஹார்ட் டிஸ்க்கின் மேலே ஒட்டலாம். பென் டிரைவ் சிறியது. சாவிக் கொத்துக்குப் போடும் வில்லை ஒன்றைக் கோத்துக் கட்டிவிடலாம். ஸி.டி.யில் காகிதம் ஒட்டக்கூடாது. பால்பாயின்ட் பேனாவால் கீறவும் கூடாது. அதற்கென்று உள்ள மெல்லிய மார்க்கர் பேனாவால் மேல் பக்கத்தில் எழுதலாம். உள்ளேயும், ‘முதலில் இதைப் படி’ என்று ஒரு சிறு குறிப்பை எழுதி வைத்துவிடுங்கள். வெளிச் சீட்டு உதிர்ந்தாலும் உள் சீட்டு பேசும்.

ஐந்தாவது, வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி இவற்றையெல்லாம் எழுதுங்கள். எத்தனை பிரதி, எது எங்கே இருக்கிறது, யார் எடுத்தது, என்றைக்குத் திறந்து பார்த்தது என்று அதில் இருக்கட்டும். வாட்ஸ்-அப் பேச்சும் படமும் புதுப் போனில் திரும்பி வர வேண்டுமானால், அதே போன் நம்பரும், சேமித்து வைத்த அதே கூகிள் கணக்கும் வேண்டும். வீட்டுக்கு நாலு கணக்கு இருக்கும் இந்தக் காலத்தில், அம்மா போனுக்கு எந்தக் கணக்கு என்று யாருக்குத் தெரிகிறது? அதையும் எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் சீட்டில் எழுதி ஒட்டிவிடாதீர்கள்! அது பூட்டின்மேல் சாவியைத் தொங்க விடுவது போல. அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்.

ஆறாவதுதான் தலையானது. மீட்கும்போது பழைய இடத்தின்மேல் நேரே கொட்டாதீர்கள். தனியாகப் புது ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, அதில் இறக்கிப் பார்த்து, இதுதான் என்று நிச்சயமான பிறகு மாற்றுங்கள். ‘மாற்றி எழுதட்டுமா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டால், அது சம்பிரதாயக் கேள்வி அல்ல, கடைசி எச்சரிக்கை!

மூன்று, இரண்டு, ஒன்று

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்திய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வீட்டுக்கு வெளியே. மூலத்தோடு சேர்த்து மூன்று. ஒன்று ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் மற்றொன்று இணையத்திலோ வேறு சாதனத்திலோ இருக்கட்டும். ஒன்றாவது ஊரிலுள்ள தங்கை வீட்டில் இருக்கட்டும்.

‘எதற்கு இத்தனை பயம்?’ என்பீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் கொட்டிய மழையை நினைத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்! பீரோவுக்குள் வெள்ளம் வந்தால், கம்ப்யூட்டரும் அதற்குப் பக்கத்தில் வைத்த காப்பும் சேர்ந்துதானே நனையும்? கூடப் பிறந்தவர்கள் வீட்டுக்குச் சீர் கொண்டு போகும்போது ஒரு பென் டிரைவையும் தாம்பாளத்தில் வைத்தால் குற்றம் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, அது யாருடையது, என்ன என்று தெரிய வேண்டுமே; சீட்டு இருக்கிறதா?

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் சந்நிதியில் நிற்கும்போது எனக்கு இதே நினைவுதான். ஒரே திருமேனி, வலப் பாதி சிவன், இடப் பாதி திருமால். இருந்தும் யாருக்காவது குழப்பம் வருகிறதா? இந்தப் பக்கம் மழு, அந்தப் பக்கம் சங்கு என்று அடையாளங்கள் அவரவர் பக்கத்தில் துலங்குகின்றன. ஒன்றாக இருப்பதற்கும் ஒன்றோடொன்று குழம்பிக் கிடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த அடையாளத்தில்தான் இருக்கிறது.

ஆச்சி பேசினார்

தபசுக் காட்சி பார்த்துவிட்டு வந்த அன்று இரவே நானும் அத்தானும் வேலையைத் தொடங்கினோம். பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, அக்கா சீட்டு எழுத, நான் ஒட்ட, இரண்டு இரவுகள் ஓடின. நாலு பென் டிரைவில் ஒரே போட்டோக்கள்! ஒன்று திறக்கவே மறுத்துவிட்டது. ஒன்றில் ஏதோ சினிமாப் பாட்டு.

இரண்டாவது நாள் இரவு, மணி பன்னிரண்டு இருக்கும். ஒன்பதாவதாக ஒரு ஸி.டி.யைப் போட்டோம். பெயர் கிடையாது. உள்ளே வெறும் எண்களாக நாலைந்து ஃபைல்கள். ஒன்றைத் தட்டினேன். கரகரவென்று சத்தம், பிறகு ஒரு கிழக் குரல். குழித் தறியில் உட்கார்ந்து விடிய விடிய நெய்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்த ஆச்சி, நடுவே சட்டென்று நிறுத்திவிட்டு, உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்:

“ஏளா, அந்த மாவை மூடி வச்சியா?”

அக்கா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். “வச்சிட்டேன் அத்தை” என்றாள். அவள் வாய் தானாகச் சொல்லிற்று. அத்தான் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

கணக்கு? அதுவும் வந்தது, வேறு வழியாக. கடையில் ஒரு கணக்குப்பிள்ளைத் தாத்தா இருக்கிறார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதை நம்பாமல், நீள நோட்டில் தேதி, தறி எண், பாவு எண், ஆள் பெயர் என்று தினமும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். அவரைக் கிண்டல் செய்தவர்களே இப்போது அவர்முன் கைகட்டி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பில் தேதி இருந்ததனால் ஐந்து மாதக் கணக்கையும் மறுபடி கட்டிவிட்டார்கள். “எழுதுதவனுக்கு ஞாபகம் இருக்கும் பாத்துக்கிடுங்க. பொறவு படிக்கிறவனுக்காகத்தான தேதி போடுதது!” என்றார் தாத்தா. இந்தக் கட்டுரையின் சாரம் முழுவதும் அதற்குள் அடக்கம்.

நான் புறப்படும் நாளன்று அக்கா மூன்று ஹார்ட் டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு ரத வீதிப் பாத்திரக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். பெயர் வெட்டுவதற்காம்! கடைக்காரர் சிரித்துவிட்டார். “அம்மா, இந்த மிஷின் கரகரன்னு அதிருமே, உள்ள உள்ளது தாங்குமா?” என்றார். கடைசியில் ஒரு யோசனை தோன்றிற்று. மூடி போட்ட எவர்சில்வர் சம்படம் மூன்று வாங்கினாள். மாறாத விவரத்தை மட்டும் அதன்மேல் வெட்டச் சொன்னாள்: மாமனார் தலையெழுத்து, ‘காப்பு 1’, ‘காப்பு 2’, ‘காப்பு 3’. தேதி மாறிக்கொண்டே இருக்குமல்லவா? அதைச் சீட்டில் எழுதி உள்ளே வைத்தாள். மூன்றாவது சம்படத்தை என் கையில் கொடுத்து, “இது உன் வீட்டுல இருக்கட்டும்யா. ஆச்சி இருக்கா, பத்திரம்” என்றாள்.

மார்ச் 31-ந் தேதியை உலகக் காப்புப் பிரதி நாள் என்று 2011 முதல் சொல்லி வருகிறார்கள். கணக்கு முடிக்கும் நாளும் அதுவே, பொருத்தந்தான். ஆனால் நமக்குப் புதிதாக ஒரு நாள் வேண்டுமா, என்ன? சரஸ்வதி பூஜையன்று புஸ்தகத்தையும் கணக்கு நோட்டையும் அடுக்கி வைக்கிறோமே, அதன் பக்கத்தில் இந்தச் சம்படங்களையும் வைப்போம். மறுநாள் விஜயதசமியன்று குழந்தைகளை விட்டுத் திறந்து பார்க்கச் சொல்வோம். திறக்கிறதா, உள்ளே இருப்பது சீட்டில் இருப்பதுதானா என்று பார்த்துத் தேதி போட்டு மூடி வைப்போம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பார்க்காத காப்பு, காப்பே அல்ல.

சென்னைக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, என் மேஜை டிராயரை இழுத்துப் பார்த்தது. ஏழு பென் டிரைவ் இருந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை!